கன்ட்ரோலர் வாங்கலாமா, விரலே போதுமா?

கேள்வி: ஆண்ட்ராய்டு போனில் இரண்டு ஆண்டுகளாகப் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடி வருகிறேன், அண்மையில் டெட் செல்ஸ் என்ற அதிரடி கேமையும் தொடங்கியிருக்கிறேன். டெட் செல்ஸில் உருள வேண்டிய இடத்தில் குதித்துவிட்டு அடி வாங்கிச் சாகிறேன். கன்ட்ரோலர் வாங்கினால் இரண்டிலும் முன்னேறலாம் என்கிறார்கள் நண்பர்கள். மூவாயிரம் ரூபாய் செலவழிப்பது தகுமா?
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: பிஜிஎம்ஐ-க்காக என்றால் வேண்டாம், டெட் செல்ஸுக்காக என்றால் வாங்கலாம், ஆனால் அதற்கு முன் செலவில்லாத ஒரு வழியையும் பார்த்துவிடுங்கள்.

பிஜிஎம்ஐ கன்ட்ரோலரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. கன்ட்ரோலரின் பட்டனை அழுத்தினால் திரையில் விரல் பட்டதாகப் போனை நம்பவைக்கும் கீமேப்பிங் செயலிகள் ஆண்ட்ராய்டில் உண்டு. உங்கள் நண்பர்கள் அவற்றை மனத்தில் வைத்தே சொல்லியிருக்கக்கூடும். ஆனால் அது விதிமீறலாகக் கருதப்பட்டு, நீங்கள் இரண்டு ஆண்டுகளாக வளர்த்த கணக்கே முடங்கிப்போகும் அபாயம் இருக்கிறது.

விதியை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், குறிபார்ப்பதில் கன்ட்ரோலர் உயர்ந்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திரையில் கட்டைவிரலைச் சிறிது நகர்த்தினால் பார்வையும் அதற்கேற்பச் சிறிது திரும்பி, விரல் நின்றதும் தானும் நின்றுவிடுகிறது. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் ஸ்டிக்கோ, சாய்த்து வைத்திருக்கும்வரை பார்வையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சாய்க்கிறோம் என்பது திரும்பும் வேகத்தை மட்டுமே தீர்மானிப்பதால், எதிரியின் தலைக்கு நேராக வந்த கணத்தில் அதை விட்டுவிடும் பொறுப்பு நம்முடையதாகிறது. கன்ட்ரோலரில் ஆடும் ஷூட்டர் கேம்கள், குறியை எதிரியின் பக்கம் தானாக இழுத்துக்கொடுக்கும் எய்ம் அசிஸ்ட்டை அவ்வளவு நம்பியிருப்பதற்கு இதுவே காரணம். போதாக்குறைக்குத் தொடுதிரையில், போனைச் சாய்த்தே குறிபார்க்க உதவும் ஜைரோஸ்கோப்பும், ஆள்காட்டி விரல்களையும் திரைக்கு மேல் கொண்டுவரும் நான்கு விரல் 'க்ளா' பிடியும் உங்களுக்குத் துணையாக இருக்கின்றன. 2019 அக்டோபரில் வெளிவந்த கால் ஆஃப் டியூட்டி மொபைல், அடுத்த மாதமே கன்ட்ரோலரை ஏற்றுக்கொண்டபோதும், கன்ட்ரோலரில் ஆடுவோரை அவர்களைப் போன்றவர்களுடனேயே மோதவிட்டது. இரு கூட்டத்தாரையும் ஒரே தராசில் நிறுத்துவது எளிதல்ல என்பதை அந்தக் கேமின் நிறுவனமும் உணர்ந்திருக்க வேண்டும்.

டெட் செல்ஸின் கதை வேறு. கணினிக்கும் கன்சோலுக்கும் உருவாகி, 2019-இல் ஐபோனுக்கும் 2020-இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்த கேம் அது. இரண்டு ஆயுதங்கள், ஸ்கில்கள் எனப்படும் இரண்டு சிறப்புத் திறன்கள், குதித்தல், உருளுதல் என ஆறு வேலைகளையும் உங்கள் வலது கட்டைவிரல் ஒன்றே, விளிம்பு இல்லாத ஒரு கண்ணாடியின் மேல், கண்ணால் பார்க்காமல் செய்ய வேண்டியிருக்கிறது. கால் மணி நேரம் ஆடுவதற்குள் வியர்த்த விரல் தன்னையறியாமல் ஓரிரு மில்லிமீட்டர் விலகிவிடும். அப்போது உருளுவதற்காகத் தட்டியது குதிக்கும் பட்டனில் விழுகிறது. இதை உங்கள் கைவேகத்தின் குறை என்று எண்ண வேண்டாம். கன்ட்ரோலரில் குதிக்கவும் உருளவும் தனித்தனியே மேடிட்ட பட்டன்கள் இருப்பதால் விரல் தடவியே இடத்தை அறிந்துகொள்கிறது. ஸ்கில்கள் கன்ட்ரோலரின் மேல் விளிம்பிலுள்ள ட்ரிக்கர்களுக்குப் போய்விடுவதால் அந்தச் சுமையை ஆள்காட்டி விரல்கள் ஏற்கின்றன.

நான் சொன்ன செலவில்லாத வழி இதுதான்: அந்தக் கேமின் அமைப்புகளில் பட்டன்களை இடம் மாற்றவும் பெரிதாக்கவும் முடியும், திரையைத் தேய்த்தால் உருளும்படியும் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் அப்படி ஆடிப் பார்த்தும் தவறு குறையவில்லை என்றால் கடைக்குப் போங்கள்.

வாங்கும்போது, ப்ளூடூத்தைவிடப் போனின் டைப்-சி துளையில் நேரடியாகச் செருகும் வகையையே தேர்ந்தெடுங்கள். உரிய நொடியில் உருள வேண்டிய கேமில் ப்ளூடூத்தின் சிறு தாமதமும் உறுத்தும். ஆடும்போதே சார்ஜ் ஏற்ற அதில் வழி இருக்கிறதா என்றும், போன் கவரைக் கழற்றாமல் பொருந்துகிறதா என்றும் கடையிலேயே பாருங்கள். விலை கட்டுப்படியானால் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் உள்ளதை வாங்குங்கள். சாதாரண ஸ்டிக்கின் உள்ளே உரசும் பாகம் நாளடைவில் தேய்ந்து, கைபடாமலேயே கேமில் உங்கள் ஆள் தானாக நகரத் தொடங்குவார். காந்தத்தால் இயங்கும் ஹால் எஃபெக்டில் அந்த உரசல் இல்லை. பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலர் மலிவாகக் கிடைத்தால் அதன் நடு பட்டனைக் கவனியுங்கள்: அதைச் சுற்றியுள்ள பகுதி தனித் துண்டாகப் பளபளத்தால் அதில் ப்ளூடூத் கிடையாது, கம்பியில்லாமல் போனுடன் இணையாது.

கேள்வி: வீட்டில் உள்ள ப்ளேஸ்டேஷன் 4 (பிஎஸ்4) கன்ட்ரோலரை ஐபோனில் இணைக்க முடியுமா?
– வாசகி, மதுரை

பதில்: முடியும். ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின், 2019-இல் வந்த 13-ஆம் பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. ஷேர் பட்டனையும் பிஎஸ் பட்டனையும் சேர்த்து விளக்கு மின்னும்வரை அழுத்திப் பிடித்து, போனின் ப்ளூடூத் பட்டியலில் தேர்ந்தெடுங்கள். மறுபடி பிஎஸ்4-இல் ஆட வேண்டுமானால், ஒருமுறை யுஎஸ்பி கேபிளால் அதனுடன் இணைத்து பிஎஸ் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும் என்பதை வீட்டில் மற்றவர்களிடமும் சொல்லிவையுங்கள்.