சைபர் செக்யூரிட்டி முதலாம் ஆண்டு: 8 ஜிபி ராம் லேப்டாப்பில் பயிற்சியைத் தொடங்கலாமா?

கேள்வி: பி.இ. சைபர் செக்யூரிட்டி முதலாம் ஆண்டு படிக்கிறேன். பாடத்தில் கணிதமும் சி நிரலாக்கமும்தான் வருகின்றன. என்னிடம் 8 ஜிபி ராம் லேப்டாப் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: லினக்ஸ் கட்டளைகளிலிருந்து. அது தெரியாமல் ஹேக்கிங் கருவிகளை ஓட்டினால், திரையில் வரும் முடிவு ஏன் வந்தது என்றே புரியாது. ஓவர்திவயர் தளத்தின் பேண்டிட் பயிற்சி இலவசம். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) மூலம் நுழைந்து, அடுத்த நிலையின் கடவுச்சொல்லைத் தேடி எடுக்க வேண்டும். போர்ட் (இணைப்புக்கான வாசல் எண்) 2220, வழக்கமான 22-ஐப் போட்டால் உள்ளே போக முடியாது.

அதன் பிறகு விர்ச்சுவல்பாக்ஸ், அதாவது உங்கள் கணினிக்குள்ளேயே வேறு கணினிகளை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மென்பொருள். பாதுகாப்புச் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸுக்கு 2 ஜிபி ராம், வேண்டுமென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்ட மெட்டாஸ்ப்ளாய்டபிள் 2-க்கு 512 எம்பி போதும்; உங்கள் 8 ஜிபிக்குள் இரண்டும் அடங்கிவிடும். மெஷின் கிளம்பவே மறுத்தால், பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். காளியை அப்டேட் செய்து முடித்ததும் இரண்டையும் 'ஹோஸ்ட் ஒன்லி' (உங்கள் லேப்டாப்புக்குள் மட்டும் இயங்கும்) நெட்வொர்க்குக்கு மாற்றுங்கள். 'பிரிட்ஜ்டு' (வெளி நெட்வொர்க்கோடு நேரடியாக இணைவது) வைத்தால் அந்த ஓட்டை மெஷின் ஹாஸ்டல் வைஃபையில் இருப்பவர்களுக்கெல்லாம் திறந்து கிடக்கும். உங்கள் ஸ்கேனும் அடுத்தவர் கணினியைத் தொட்டுவிடும். அனுமதியில்லாமல் பிறர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன் கீழ் வரும். நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கம் நிரூபணமானால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

திறந்த போர்ட்களைத் தேடும் என்மேப்பை ஓட்டும்போது, நெட்வொர்க்கில் போகும் தரவைக் காட்டும் வயர்ஷார்க்கைத் திறந்தே வையுங்கள். இணைப்பு கேட்டு என்மேப் 'சின்' அனுப்பும்போது, திறந்த டிசிபி போர்ட் 'சின்-ஆக்' (ஏற்கிறேன்) அனுப்பும், மூடியது 'ரீசெட்' (மறுக்கிறேன்) அனுப்பும். நெட்வொர்க் தாளில் வரும் மூவழிக் கைகுலுக்கலின் முதல் இரண்டு படிகள் இந்த 'சின்', 'சின்-ஆக்' தான். கண்ணால் ஒருமுறை பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.