பதில்: போதிதர்மர் பற்றிய வரிக்கு ஆதாரம் உண்டா?

வணக்கம் நண்பரே. குங்ஃபூ வகுப்பின் ஆண்டு மலருக்கு எழுதிய கட்டுரையில், "காஞ்சி இளவரசர் போதிதர்மர்தான் ஷாவ்லினில் சண்டைக்கலையைத் தொடங்கினார்" என்ற வரிக்கு (ஷாவ்லின் சீனாவிலுள்ள பௌத்த மடம்) ஆதாரம் கேட்கிறார்கள் என்கிறீர்கள். பேசாமல் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அவர் தென்னிந்திய அரசரின் மகன் என்று பழைய சீனக் குறிப்பு உண்டு, சரி. காஞ்சி என்று அதில் இல்லை. சண்டைக்கலையோடு அவரைச் சேர்க்கும் கதைக்கு வேர் 'யீஜின் ஜிங்' என்ற உடற்பயிற்சி நூல். அதன் பின்னுரையில் உள்ள ஆண்டு 1624. எழுதியவரோ பௌத்தரல்ல, சீனாவின் சொந்தச் சமயமான தாவோ மரபுக்காரர்! மூச்சையும் அசைவையும் இணைக்கும் பயிற்சிகளும் தாவோ வழக்கத்தில் ஊறியவை. நூலுக்குப் பழமை காட்ட, 7-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தாங் அரச மரபின் தளபதி லீ ஜிங் பெயரில் ஒரு முன்னுரை வேறு. 'சுருட்டைத் தாடி வீரன்' தனக்கு இதைக் கொடுத்ததாக அவர் சொல்கிறாராம். அந்த வீரன் வெறும் கதைப் பாத்திரம். தாங் ஹாவ் போன்ற சீன ஆய்வாளர்களே 1930களில் இதையெல்லாம் பிட்டுப் பிட்டு வைத்துவிட்டார்கள்.

சண்டைக்கும் பௌத்த மடத்துக்கும் உள்ள தொடர்புக்கு நல்ல ஆதாரம் ஷாவ்லினில் உள்ள 728-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 621-ல், பின்னாளில் தாங் பேரரசரான லீ ஷிமின் பக்கம் நின்று போரிட்ட துறவிகளைப் பற்றி அது பேசுகிறது. அப்புறம், மிங் காலத்தில் (1368–1644) ஷாவ்லின் துறவிகளின் கம்புக்கலைக்கு மூலவராகச் சொல்லப்பட்டவர் கின்னரர் என்ற பௌத்தக் காவல் தெய்வம், போதிதர்மர் அல்ல. மடத்தில் சமையற்கட்டு ஆளாக இருந்த கின்னரர், கலகக்காரர்கள் வந்தபோது அடுப்பு கிளறும் கம்போடு கிளம்பினார் என்பது மடத்துக் கதை.

எடுத்த வரிக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: "போதிதர்மரைச் சண்டைக்கலையின் ஆதிகுருவாகச் சொல்லும் வழக்கம் 17-ஆம் நூற்றாண்டு நூலொன்றிலிருந்து பரவியது."