கேள்வி நேரம்: ஐம்பது நிமிஷ கேம்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம். பழைய பாணி பிக்சல் ஓவியம், ஓட்டம், தாவல், ஒரு மணி நேரத்துக்குள் சுபம். அந்தக் குட்டி பிளாட்ஃபார்ம் கேம்களைப் பற்றித்தான் எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போடாதீர்கள் என்று இருவர் கேட்டிருந்தார்கள். பாரபட்சம் எதற்கென்று எல்லோர் பெயரையும் எடுத்துவிட்டேன்.

கேள்வி: ஒரு பிக்சல் பிளாட்ஃபார்மரை ஐம்பது நிமிஷத்தில் முடித்தேன். பிடித்திருந்தது. பிறகு மற்றவர்கள் எழுதியதைப் படித்தால் பாதிப் பேர் 'ரொம்பச் சின்னது, ஏமாற்றம்' என்கிறார்கள், மீதிப் பேர் 'அளவாக இருக்கிறது' என்கிறார்கள். யாரை நம்புவது?

இருவரையும் நம்புங்கள். 'சின்னது' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். அதற்கு முந்தைய வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

'இன்னும் பத்து லெவல் இருந்திருக்கலாம், சீக்கிரம் முடிந்துவிட்டது' என்பது குறை மாதிரி எழுதப்பட்ட பாராட்டு. 'புது வித்தையைக் கடைசியில் கொடுத்துவிட்டு உடனே முடித்துவிட்டார்கள்' என்பதுதான் நிஜமான குறை. இந்த இரண்டாவது வசவை நானே வாங்கியிருக்கிறேன்.

சில வருடம் முன்னால் பிக்கோ-8-இல் (கணினிக்குள்ளேயே ஓடும் கற்பனையான குட்டிக் கேம் பெட்டி அது) ஒரு கேம் செய்தேன். பன்னிரண்டே திரை. ஒன்பதாவது திரையில் ஒரு இறகு கிடைக்கும், அதை எடுத்தால் காற்றில் இன்னொரு முறை தாவலாம். எனக்கு அது பெரிய திருப்பம். அக்கா மகனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எட்டுத் திரை வரை சுரத்தே இல்லாமல் ஆடினான். இறகு கிடைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த மூன்று திரையையும் ஒரே மூச்சில் தாண்டினான். முடிந்துவிட்டது. "மாமா, இப்பத்தானே குடுத்தீங்க? அதுக்குள்ள புடுங்கிட்டீங்களே!" என்றான். கேம் சின்னதாக இருந்தது அவனுக்குப் பிரச்சினையே இல்லை. சுவாரசியம் இல்லாத பகுதிதான் நீளமாக இருந்தது.

இதே பிக்கோ-8-இல்தான் மேடி தோர்சனும் நோயல் பெர்ரியும் 2015-இல் 'செலஸ்ட்' என்ற கேமின் முதல் வடிவத்தைச் செய்தார்கள். நான்கு நாள் வேலை. திரை 128-க்கு 128 புள்ளி, 16 நிறம், மொத்தம் 30 கட்டங்கள். காற்றில் ஒருமுறை சட்டென்று பாயும் வித்தை முதல் திரையிலேயே கையில் இருக்கும். மற்ற கட்டங்களெல்லாம் அந்த ஒரு பாய்ச்சலை விதவிதமாகக் கேட்கும் கேள்விகள். டெர்ரி கேவனா 2010-இல் வெளியிட்ட 'விவிவிவிவிவி'யில் ஜம்ப்பே கிடையாது. பட்டனை அழுத்தினால் ஈர்ப்பு தலைகீழாகும், நீங்கள் கூரையில் போய் நிற்பீர்கள். அதுவும் ஆரம்பத்திலேயே கிடைத்துவிடும்.

அப்படியென்றால் உங்கள் ஐம்பது நிமிஷ கேமை எப்படி எடை போடுவது? வித்தை எந்த நிமிஷத்தில் கைக்கு வந்தது, கடைசியாக எந்த நிமிஷத்தில் அது உங்களை ஆச்சரியப்படுத்தியது என்று யோசித்துப் பாருங்கள். முதலாவது ஐந்துக்குள்ளும் இரண்டாவது நாற்பத்தைந்துக்கு மேலும் இருந்தால் 'அளவாக இருக்கிறது' என்றவர்கள் பக்கம் நான்.

கேள்வி: விளிம்பில் சரியாகத்தான் ஜம்ப் பட்டனை அழுத்துகிறேன். ஆனாலும் குழிக்குள் விழுகிறது. 'கன்ட்ரோல் சரியில்லை' என்று பலர் எழுதியிருக்கிறார்கள். என் அண்ணனோ 'உன் கைதான் சரியில்லை' என்கிறான்.

அண்ணன் சொல்வது உண்மைதான். ஆனாலும் தப்பு கேம் மேல்தான்!

மனித விரல் விளிம்பில் பல நேரம் கொஞ்சம் பிந்தும். என் கேமிலும் இதே புகார் வந்தது. நம்பாமல், கைப்பேசியை ஸ்லோ மோஷனில், நொடிக்கு 240 ஃப்ரேமில் வைத்து, கட்டைவிரலும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி நானே ஆடிப் படமெடுத்தேன். ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்த்தேன். பாத்திரத்தின் கால் விளிம்பை விட்டுப் போகிறது. என் விரல் அசையவில்லை. இன்னும் அசையவில்லை. பன்னிரண்டாவது ஃப்ரேமில்தான் பட்டன் இறங்குகிறது. பன்னிரண்டு ஃப்ரேம் என்றால் நொடியில் இருபதில் ஒரு பங்கு. திரையே ஒரு கணம் தாமதமாகத்தான் காட்டும் என்பதையும் சேர்த்தால் நான் பிந்தியது அதைவிட அதிகம். ஆடும்போது 'சரியாகத்தான் அழுத்தினேன்' என்று சத்தியம் செய்திருப்பேன்.

நல்ல பிளாட்ஃபார்மர்கள் இந்தப் பிந்தலை மன்னித்துவிடும். தரையை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் ஜம்ப்பை ஏற்றுக்கொள்ளும். பழைய கார்ட்டூன்களில் ஓநாய் பாறையைத் தாண்டிக் காற்றில் நின்று, கீழே பார்த்த பிறகுதானே விழும்? அதை வைத்து இதற்குக் 'கயோட்டி டைம்' என்றே பெயர். 2018-இல் வந்த பெரிய 'செலஸ்ட்'டில் இந்தச் சலுகை 0.1 நொடி. 60 ஃப்ரேம் கணக்கில் ஆறு ஃப்ரேம். நீங்கள் விளையாடும்போது இது கண்ணில் படவே படாது, நம் கை நன்றாகிவிட்டது என்றுதான் தோன்றும். இதற்கு நேர்மாறான இன்னொரு சலுகையும் உண்டு. தரையைத் தொடும் முன்பே பட்டனை அழுத்திவிட்டால் அதை நினைவில் வைத்திருந்து, கால் பட்டதும் தாவவைப்பது. நான் இரண்டையும் எழுதிச் சேர்த்தேன், மொத்தம் பதினைந்து வரிகூட வராது. 'கன்ட்ரோல் சரியில்லை' என்ற புகார் அதோடு நின்றது. ஒருவர் 'கிராஃபிக்ஸ் முன்னேறியிருக்கிறது' என்று எழுதினார். நான் ஒரு புள்ளியைக்கூட மாற்றவில்லை.

கேமைத் திட்டும் முன் உங்கள் பக்கம் ஒன்றைச் சரிபாருங்கள். டிவியில் ஆடுகிறீர்கள் என்றால் 'கேம் மோட்' போட்டிருக்கிறதா? அது இல்லாவிட்டால், படத்தை மெருகேற்றுவதற்காக டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் சில மாடல்களில் கேம் தருகிற சலுகை மொத்தத்தையும் விழுங்கிவிடும்.

கேள்வி: 'அசல் 80-கள் அனுபவம்' என்று புகழ்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆடிய என் அப்பாவிடம் காட்டினால், 'இது அப்படி இல்லையே' என்கிறார்.

அப்பாவுக்கு என் வணக்கம். அவர் கண் ஏமாறவில்லை.

நின்டென்டோவின் அந்த 8-பிட் பெட்டியில் திரை 256-க்கு 240 புள்ளி. நகரும் உருவத் துண்டுகள் ஒரே நேரத்தில் 64, அதிலும் ஒரு கிடைக்கோட்டில் எட்டுதான். ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று மறைய வேண்டும், அதனால்தான் எதிரிகள் கூடும்போது எல்லாம் மினுக் மினுக்கென்று துடிக்கும். ஒரு துண்டுக்கு மூன்று நிறம். 1985-இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட். அதில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. இன்றைய பிக்சல் கேம்களில் பெரும்பாலானவை இந்தச் சிறைக்குள் இல்லை. 2014-இன் 'ஷவல் நைட்' அதை ஒளிக்கவும் இல்லை. அகலத் திரை வைத்துக்கொண்டார்கள், வேண்டிய இடத்தில் நிறம் கூட்டினார்கள், துடிப்பை விட்டுவிட்டார்கள். நமக்கு ஞாபகத்தில் இருக்கும் பழைய கேம் எப்படியோ அப்படிச் செய்தார்கள். அது நேர்மையான வழி என்பது என் கட்சி.

அப்பா ஆடியது கனத்த பழைய குழாய் டிவியில். அதில் புள்ளிகள் ஒன்றோடொன்று கசிந்து மென்மையாகத் தெரியும். இன்றைய பேனலில் ஒவ்வொன்றும் சதுரக் கல்லாக நிற்கிறது.

எனக்கு நிஜமாகவே எரிச்சல் வருவது வேறு இடத்தில். பாத்திரம் பெரிய புள்ளியில், எழுத்து மட்டும் பளபளவென்று நுண்ணிய புள்ளியில். ரம்பச் சக்கரம் சுழலும்போது அதன் விளிம்பு வழுவழுவென்று போகும். ஒரே திரையில் இரண்டு மூன்று அளவுப் புள்ளிகள். 'ஏதோ மலிவாகத் தெரிகிறது, ஏனென்று சொல்லத் தெரியவில்லை' என்று யாராவது எழுதியிருந்தால் பத்தில் எட்டுத் தடவை இதுதான் காரணமாக இருக்கும். (பத்தில் எட்டு என் உத்தேசம், எண்ணிப் பார்த்ததில்லை.)

சில சமயம் கேம் நிரபராதி, திரைதான் குற்றவாளி. 320-க்கு 180 புள்ளியில் வரைந்த கேம் 1920-க்கு 1080 திரையில் சரியாக ஆறு மடங்கு பெரிதாகும். அதையே 1366-க்கு 768 லேப்டாப்பில் முழுத்திரையாக இழுத்தால் நாலேகால் மடங்கு. கால் புள்ளி என்று ஒன்று கிடையாதே! அதனால் சில புள்ளிகள் தடிக்கும், சில மெலியும், ஓடும்போது முகம் நெளியும். அமைப்புகளில் 'இன்டீஜர் ஸ்கேலிங்' (முழு மடங்கில் மட்டும் பெரிதாக்குவது) இருந்தால் போடுங்கள். சுற்றிலும் கறுப்புப் பட்டை வரும், ஆனால் முகம் முகமாக இருக்கும்.

கேள்வி: வரையத் தெரியாதவர்கள்தான் பிக்சலில் ஒளிந்துகொள்கிறார்களா?

பதினாறு புள்ளி உயரத்தில் ஒரு ஆளை வரைந்து பாருங்கள், பிறகு பேசுவோம். கண் ஒரு புள்ளி. அதை ஒரு கட்டம் இறக்கினால் ஆள் சோர்ந்துபோவான். 1981-இன் 'டாங்கி காங்'கில் அதை வடிவமைத்த மியாமோட்டோ மாரியோவுக்கு மீசை வைத்தது வாய் வரைய இடமில்லாததால். முடி அசைவதைக் காட்ட வழியில்லை, தொப்பி வந்தது.

கேள்வி: உதவி வசதியைப் போட்டு முடித்தவர்கள் 'கஷ்டமே இல்லை' என்று கருத்து எழுதுவது நியாயமா?

போட்டு ஆடுவது நியாயம். 'செலஸ்ட்'டின் அசிஸ்ட் மோடில் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம், சாகாவரமே வாங்கிக்கொள்ளலாம். செய்தவர்களே வைத்த கதவு அது. அதைச் சொல்லாமல் 'கஷ்டமே இல்லை' என்று எழுதுவதுதான் கோணல். 70 சதவீத வேகத்தில் ஆடினேன் என்று ஒரு வரி சேர்த்தால் அதே கருத்து பலருக்கு உதவும்.

மறுபக்கம் 'அநியாயக் கஷ்டம்' என்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி: செத்த பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? 2010-இன் 'சூப்பர் மீட் பாய்' கொடூரமான கேம். ஆனால் செத்த மறுகணம் திரும்ப நிற்பீர்கள், பல்லைக் கடிக்கக்கூட நேரம் இருக்காது. லெவலை முடித்ததும் நீங்கள் செத்த அத்தனை முயற்சிகளையும் ஒன்றாக ஓடவிட்டுக் காட்டும், நாற்பது பேர் கிளம்பி ஒருவன் மட்டும் கரை சேர்வான். அங்கே நூறு முறை செத்தவர்கூட சிரித்துக்கொண்டு எழுதுவார். செத்தால் மூன்று நொடி கறுப்புத் திரை, பிறகு அதே வசனம், பிறகு அதே ஏணி என்றால் பத்தாவது சாவிலேயே கட்டைவிரல் கீழே இறங்கிவிடும்.

கேள்வி: ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். குட்டி கேமை முடித்துவிட்டே திருப்பலாமா?

வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கேட்கலாம். விதி அதுதான், முடித்தீர்களா என்று அது கேட்பதில்லை. ஓடவில்லை, பிடிக்கவில்லை என்றால் தாராளமாகத் திருப்புங்கள். கடைசித் திரை வரை ரசித்துவிட்டுத் திருப்பப் போகிறீர்கள் என்றால் என்னிடம் அனுமதி கேட்காதீர்கள், தர மாட்டேன்.

கேள்வி: கருத்து எழுத ஆசை. 'சூப்பர்', 'மொக்கை' தவிர என்ன எழுதுவது?

எந்தத் திரை, எதில் ஆடினீர்கள் (கீபோர்டா, கன்ட்ரோலரா), அங்கே என்ன நினைத்து எதை அழுத்தினீர்கள். இவ்வளவு போதும். ஆடிய நேரத்தை ஸ்டீமே பக்கத்தில் போட்டுவிடும்.

என் பன்னிரண்டு திரைக் கேமுக்கு வந்த கருத்துகளில் நான் எழுதி வைத்துக்கொண்டது ஒன்றுதான். 'ஏழாவது திரையில் கீழே குதிக்க வேண்டும் என்று தெரியவில்லை. குழி என்று நினைத்து ஐந்து நிமிஷம் சுவரில் முட்டினேன்.' பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. திறந்து பார்த்தேன். கீழே தரை இருப்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அடுத்த திரையை வரைந்ததே நான். ஆடுகிறவருக்கு அங்கே இருப்பது வெறும் கறுப்பு. குழியின் நடுவில் மூன்று தங்கக் காசுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். பிறகு ஆடியவர்களில் ஒருவர்கூட அங்கே நிற்கவில்லை, காசைப் பார்த்ததும் குதித்துவிடுகிறார்கள். அக்கா மகன் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான், இறகை எப்போது முதல் திரைக்கு மாற்றுவீர்கள் என்று.