அதிவேகச் சலான்: கட்டிவிடுவதா, நீதிமன்றம் போவதா?

கேள்வி: என் பெயரில் உள்ள காரைக் கடந்த மாதம் 3-ஆம் தேதி என் தம்பி ஓட்டிச் சென்றான். குடும்பத்தோடு குலதெய்வக் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். 26-ஆம் தேதி என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. 60 கி.மீ. மட்டுமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் 83 கி.மீ. வேகத்தில் சென்றதற்காக ரூ.1,000 அபராதமாம். அங்கே வேகக் கட்டுப்பாட்டுப் பலகையே இல்லை, 70-ஐத் தாண்டவும் இல்லை என்று தம்பி சாதிக்கிறான். அவன் வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அதிவேகத்துக்காக ஒரு முறை அபராதம் கட்டியிருக்கிறான். "ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிடு" என்கிறார் கணவர். "அப்பா ஓட்டியதாகச் சொல்லிவிடு, தம்பியின் லைசென்ஸ் தப்பிக்கும்" என்கிறார் ஓர் உறவினர். "கண்டுகொள்ளாமல் விடு" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். கோர்ட் வாசலை மிதித்தே பழக்கமில்லாத நான் என்ன செய்வது? – ஒரு வாசகி, திருச்சி.

பதில்: முதலில், அந்தச் செய்தி உண்மையானதுதானா என்று பாருங்கள். சலான் என்ற பெயரில் இணைப்பு அனுப்பி, அதைத் தொட்டதும் கைப்பேசிக்குள் செயலியை இறக்கி வங்கிக் கணக்கைச் சுரண்டும் கும்பல்கள் உலவுகின்றன. வந்த இணைப்பைத் தொடாதீர்கள். மத்திய போக்குவரத்துத் துறையின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களே போய், வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். சலான் உண்மையென்றால் அங்கே இருக்கும். புகைப்படம், தேதி, நேரம், இடம், எந்தப் பிரிவு என்ற விவரங்களையும் பார்க்கலாம். எல்லாவற்றையும் தரவிறக்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்காக வேலையை விட்டு அலைய வேண்டாம் என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் உங்கள் வீட்டு விஷயத்தில் ஆபத்து ஆயிரம் ரூபாயில் இல்லை, தம்பியின் உரிமத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 183-ஆவது பிரிவு, 2019 திருத்தத்துக்குப் பிறகு, காருக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதே குற்றம் இரண்டாம் முறை நடந்தால் ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றச் சொல்கிறது.

பலருக்கும் தெரியாத செய்தி இன்னொன்று உண்டு. அபராதம் கட்டிவிட்டால் கணக்கு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அபராதம் கட்டிச் சலானை முடித்துக்கொள்ள வழிசெய்வது 200-ஆவது பிரிவு. அப்படிக் கட்டினாலும், பின்னாளில் இரண்டாவது குற்றமா என்று பார்க்கும்போது அதையும் முந்தைய குற்றமாகக் கணக்கிடலாம், உரிமத்தைப் பறிமுதல் செய்யும் நடவடிக்கையிலிருந்து அது தப்பிக்கவைக்காது என்று 2019-இல் அந்தப் பிரிவிலேயே எழுதிச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே தம்பி முன்பு கட்டிய அபராதம் எந்தப் பிரிவில், எந்தத் தேதியில் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். அது உண்மையில் சீட் பெல்ட்டுக்கோ சிக்னலுக்கோ கட்டியதாக இருக்கலாம். நினைவில் இருப்பதும் ரசீதில் இருப்பதும் பல நேரங்களில் வேறுவேறு. 183-ஆவது பிரிவு என்று ரசீது சொன்னால், இந்த இரண்டாவது சலானை யோசிக்காமல் கட்டக் கூடாது.

இனி உறவினரின் யோசனை. அதைச் செய்யவே செய்யாதீர்கள், சகோதரி. வண்டியை ஓட்டியவர் யார் என்று அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால், பெயர், முகவரி, உரிம விவரம் ஆகியவற்றைச் சொல்ல வேண்டியது உரிமையாளரின் கடமை என்கிறது 133-ஆவது பிரிவு. அங்கே பொய் சொன்னால், அபராதத்தோடு போகிற விவகாரம் அரசு ஊழியருக்குத் தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்த தனிக் குற்றமாக மாறும். அதில் நீங்களும் மாட்டுவீர்கள், வயதான உங்கள் தந்தையும் மாட்டுவார். முன்கண்ணாடி வழியே ஓட்டுநரின் முகம் தெரியும் படங்களை நான் வழக்குக் கட்டுகளில் பார்த்திருக்கிறேன். உண்மையைச் சொல்வதில் உங்கள் தம்பிக்கு நீங்கள் நினைக்கும் அளவு நஷ்டமும் இல்லை. "ஓட்டியது என் தம்பி" என்று நீங்கள் சொல்வது, "அவன் 83-இல் போனான்" என்று ஒப்புக்கொள்வது ஆகாது. வேகத்தை நிரூபிக்கும் பொறுப்பு அப்போதும் அரசுத் தரப்பிடம்தான் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதற்கும் ஓர் அடிப்படை உண்டு. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களை ஆறு மாதத்துக்குப் பிறகு நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 514-ஆவது பிரிவு. ஆனால் வழக்கு எந்த நாளில் தாக்கலானது என்பதுதான் கணக்கு, உங்களுக்குச் சம்மன் எந்த நாளில் வந்தது என்பது அல்ல என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தெளிவாக்கிவிட்டது. ஆறு மாதம் கழிந்ததும் தப்பித்தோம் என்று நினைத்திருப்பவரின் வழக்கு ஏற்கெனவே கோப்பில் ஏறியிருக்கலாம். சம்மனை மதிக்காவிட்டால் பிடியாணை வரும். நிலுவைச் சலானோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் பெயர் மாற்றம் போன்ற வேலைகளும் நின்றுபோகும். கண்டுகொள்ளாமல் விடுவது வழியல்ல.

சரி, எதிர்த்து நிற்க உங்கள் பக்கம் என்ன இருக்கிறது? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கேமரா, வேகம் அளக்கும் கருவி போன்றவற்றை வைத்துச் சலான் போடுவதற்கென்று 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167-ஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. உங்கள் சலானை ஒரு கையிலும் அந்த விதியை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு படியுங்கள். கருவிக்கு மாநில அரசு நியமித்த அமைப்பின் ஒப்புதல் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிக்கப்படும் பகுதிக்கு முன்பாகவே வாகன ஓட்டிகளுக்குத் தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். சலானோடு குற்றத்தையும் நம்பர் பிளேட்டையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி பதிவுசெய்த அளவு, தேதி, நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் ஆகியவை இணைந்திருக்க வேண்டும். குற்றம் நடந்த 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது.

உங்களுக்கு வந்ததோ 23-ஆவது நாளில். இது நல்ல வாதம்தான், கட்டாயம் எழுப்ப வேண்டும். ஆனால் இந்த ஒன்றை மட்டும் நம்பிக் கோர்ட் படியேற வேண்டாம். தாமதத்தைச் சிறு குறையாக எடுத்துக்கொண்டு மேலே போகும் நடுவர்களும் இருக்கிறார்கள். குறுஞ்செய்திக்கு முன்பே தபாலில் அனுப்பிவிட்டோம் என்று அரசுத் தரப்பு ஆவணம் காட்டவும் கூடும்.

இதைவிடக் கனமானது பலகை. நாடு முழுவதற்கும் பொதுவான உச்ச வேகங்களை மத்திய அரசு அறிவிக்கிறது. ஒரு குறிப்பிட்ட சாலையில் அதைக் குறைக்க வேண்டுமென்றால் 112-ஆவது பிரிவின்படி மாநில அரசோ அது அதிகாரமளித்த அதிகாரியோ அறிவிக்கை வெளியிட்டு, அதற்குரிய குறியீட்டுப் பலகையையும் நட வேண்டும். அங்கே 60 என்பதற்கான அறிவிக்கை எங்கே என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் இந்த வாரமே தம்பி அதே வழியில், அதே திசையில் போய்ப் பார்க்கட்டும். வேறொருவர் ஓட்ட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேமரா இருக்கும் இடத்துக்குச் சில கிலோமீட்டர் முன்னிருந்தே நிறுத்தாமல் காணொளி எடுக்கட்டும். மரக்கிளைக்குள் மறைந்த பலகை, போஸ்டர் ஒட்டிய பலகை, எதிர்த்திசைக்கு மட்டும் வைத்த பலகை என்று எதுவும் இருக்கலாம். பளிச்சென்று கண்ணில் படும் பலகையாகவும் இருக்கலாம். அப்படி இருந்தால் அன்றைக்கே உண்மை தெரிந்துவிடும், வீண் வழக்கும் மிச்சம்.

அடுத்து, சலானில் உள்ள படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கார் மட்டும்தான் இருக்கிறதா, பக்கத்துத் தடத்தில் இன்னொரு வண்டியும் இருக்கிறதா? ரேடார் கருவியாக இருந்து, ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகள் அதன் முன் வந்திருந்தால், 83 யாருடைய வேகம் என்ற கேள்வி நியாயமாகவே எழும். வாகன வேகத்தை அளக்கும் ரேடார் கருவிகளைச் சட்டமுறை எடையளவுத் துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்ற விதி 2025 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அந்தச் சான்றின் நகலையும் கேளுங்கள். கருவியே இல்லாமல், சாலையில் நின்ற ஒருவர் வண்டி வேகமாகப் போனதாகத் தோன்றியது என்று சொல்வதை மட்டும் வைத்து யாரையும் தண்டிக்க முடியாது. கருவியால் அளந்த மதிப்பீடு வேண்டும் என்று 183-ஆவது பிரிவின் 3-ஆவது உட்பிரிவே சொல்கிறது.

மின்னணுச் சான்றிதழைப் பற்றியும் ஒரு வார்த்தை. படமும் காணொளியும் கணினியிலிருந்து எடுக்கப்பட்ட நகல்கள். அவற்றைச் சாட்சியமாக்க, முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65-பி, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழ் தேவை. 2014-இல் அன்வர் வழக்கிலும், 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது.

உங்கள் பக்க ஆதாரமாக ஃபாஸ்டாக் குறுஞ்செய்திகளைத் தேடி எடுங்கள். இரண்டு சுங்கச்சாவடிகளைக் கடந்த நேரங்களும் இடைப்பட்ட தூரமும் இருந்தால் சராசரி வேகம் தெரியும். கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே அதை நீதிமன்றத்தில் நீட்டலாமா என்று முடிவு செய்யுங்கள். தம்பி சொல்லும் 70-ஐவிட அதிகமாக வந்தால், அந்தத் தாள் அவருக்கு எதிராகத்தான் பேசும்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, அவர் வேகமாகத்தான் போயிருக்கிறார், பலகையும் இருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்தால் வழக்காட வேண்டாம். அபராதத்தைக் கட்டுங்கள். உரிமம் தொடர்பாக நோட்டீஸ் வந்தால் அங்கே போராடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 19-ஆவது பிரிவின்படி, உரிமத்தை முடக்கும் முன் ஓட்டுநரின் விளக்கத்தைக் கேட்டாக வேண்டும், காரணத்தை எழுத்தில் தர வேண்டும். உத்தரவு கிடைத்த 30 நாட்களுக்குள் மேல்முறையீடும் செய்யலாம். வண்டி ஓட்டியே பிழைப்பவர் என்பதையும் குடும்ப நிலைமையையும் விளக்கத்தில் எழுதுங்கள். அதேநேரம், அவரிடம் மனம்விட்டுப் பேசவும் வேண்டும். நாள் முழுவதும் சாலையில் இருக்கும் மனிதர் அவர். வீட்டார் ஏறிய வண்டியை ஓட்டியபோது இது நடந்திருக்கிறது.

குறை உங்கள் பக்கம் இல்லை என்று தோன்றினால் தயங்காமல் எதிர்த்து நில்லுங்கள். சலானில் போட்டிருக்கும் கெடுவுக்குள் இதைச் செய்ய வேண்டும். பல மாநிலங்களில் இ-சலான்கள் மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போகின்றன. அந்தத் தளத்தில் அபராதம் கட்டவும் வழக்கை எதிர்க்கவும் தனித்தனி வழிகள் இருக்கும். எதிர்ப்பதாகச் சொன்னால் வழக்கு அந்தப் பகுதி நீதிமன்றத்துக்கு மாறும். தபாலில் சம்மன் வந்தால், அதில் உள்ள நீதிமன்றத்தின் பெயரையும் வாய்தா தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீதிமன்றத்தில் நடப்பது நீங்கள் பயப்படும்படி இருக்காது. காலையில் பெயர் கூப்பிடுவார்கள். நடுவர் குற்றச்சாட்டைச் சொல்லி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார். பெரும்பாலானோர் அந்த ஒரு கேள்வியிலேயே தடுமாறி, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு தலையாட்டிவிடுகிறார்கள். ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு அன்றே முடிந்துவிடும். "இல்லை ஐயா, ஆவணங்களின் நகல் வேண்டும்" என்று சொல்லிவிட்டால் வழக்கு விசாரணைக்குப் போகும். அதற்குமேல் சில வாய்தாக்கள் ஆகும், அதை நான் மறைக்க விரும்பவில்லை. தோற்றால் அபராதம் இரண்டாயிரம் வரை உயரலாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் தம்பி சவாரியை விட்டு வர வேண்டாம். வழக்கறிஞர் மூலம் ஆஜராக அனுமதி கேட்டு, சுரக்ஷா சன்ஹிதாவின் 228-ஆவது பிரிவின்படி மனு போடலாம்.

வழக்கறிஞர் கட்டணம் அபராதத்தைவிட அதிகமாகும் என்று கவலைப்பட்டால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, பெண் என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவு இருந்தாலும், உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் தகுதி இருக்கிறது. நோட்டீஸ் உங்கள் பெயரில் வந்திருப்பதால் நீங்களே நேரில் போய்க் கேளுங்கள். தம்பிக்கும் கிடைக்குமா என்பது அவருடைய வருமானத்தையும் பிரிவையும் பொறுத்தது. 15100 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். போகும்போது சலானின் அச்சுப்பிரதி, ஆர்.சி. புத்தகம், தம்பியின் உரிம நகல், பழைய அபராத ரசீது, ஃபாஸ்டாக் செய்திகள், சாலையில் எடுத்த காணொளி ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். குறுஞ்செய்தி வந்த நாளும் நேரமும் தெரியும்படி கைப்பேசித் திரையையும் படமெடுத்து அதில் சேர்த்துவிடுங்கள்.