ஹம்பிள் பைக்குள் என்ன இருந்தது?

ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பில்லில் 48 பெட்டி, போய்ச் சேர்ந்தது 46. சரியாகத்தான் ஏற்றினோம் என்று இரண்டு மெயிலில் சாதித்துவிட்டோம். இப்போது பார்த்தால் அந்த 2 பெட்டியும் எங்கள் குடோனிலேயே கிடக்கிறது. மன்னிப்புக் கடிதத்தில் 'ஈட் ஹம்பிள் பை' என்று எழுதலாமா? அது என்ன பை?"

பொருள் உங்கள் நிலைமைக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. அடித்துப் பேசியவர், பிறகு தப்பு தன்னுடையதுதான் என்று தலைகுனிந்து ஒப்புக்கொள்வதுதான் அது. ஆனாலும் எழுதாதீர்கள். அதில் கொஞ்சம் கேலி கலந்திருக்கிறது. கணிப்பில் கோட்டைவிட்ட விமர்சகரைப் பற்றிப் பத்திரிகை அப்படி எழுதும்; நண்பர்களிடம் நம்மை நாமே சொல்லிச் சிரிக்கலாம். சரக்கு வராமல் எரிச்சலில் இருப்பவருக்கு அது விளையாட்டாகப் படும். 'தி மிஸ்டேக் வாஸ் அவர்ஸ்' என்று நேராக எழுதி, 2 பெட்டியும் என்றைக்குக் கிளம்பும் என்பதை அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி பை. மாவு உறைக்குள் கறியை வைத்துச் சுடும் பண்டம். மானின் ஈரல், இதயம், குடல் ஆகியவற்றுக்கு அந்தக் கால ஆங்கிலத்தில் 'நம்பிள்ஸ்' என்று பெயர். பிரெஞ்சிலிருந்து வந்த சொல். 'எ நேப்ரன்' என்பது 'ஆன் ஏப்ரன்' ஆனதுபோல இதிலும் முதல் 'ந' கழன்று 'அம்பிள்ஸ்' ஆனது.

எஜமானுக்கு நல்ல கறி, வேலையாட்களுக்கு அம்பிள் பை, அதனால்தான் அவமானம் என்று ஒரு கதை சொல்வார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை. லண்டனில் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவியில் இருந்த சாமுவேல் பெப்பிஸ், ஒரு அம்மாள் அடுப்பிலிருந்து சுடச்சுடக் கொண்டுவந்த அம்பிள் பை அபார ருசி என்று 1663 ஜூலை 8 நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். குடல் குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கு இதில் ஆச்சரியமே இருக்காது.

அவமானத்தைக் கொண்டுவந்தது ஒலிதான். பணிவைக் குறிக்கும் 'ஹம்பிள்' வேறு சொல். மண் என்று பொருள்படும் லத்தீன் 'ஹ்யூமஸ்' வழி வந்தது. அதையும் பலர் 'ஹ' இல்லாமல் 'அம்பிள்' என்றே உச்சரித்தார்கள். இரண்டும் ஒரே ஒலியில் கலக்க, 19ஆம் நூற்றாண்டில் சிலேடை மரபுத்தொடராகிவிட்டது.

தமிழில் 'தலைகுனிந்து தவறை ஒப்புக்கொண்டார்' போதும். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவருக்குத்தான் நம்மிடம் பழமொழி இருக்கிறது. ஒட்டியது என்பவருக்கு இல்லை. 'மண்ணைக் கவ்வினார்' என்றும் போட்டுவிடாதீர்கள். அது தோற்றவருக்கு, தப்பை ஒப்புக்கொள்ளாமலேயே மண்ணைக் கவ்வலாம்.