போர் நடக்கும்போது அரசு வானிலைத் துறை என்ன செய்யும்? மழை, புயல் அறிவிப்பு வழக்கம்போல வருமா?

எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்தது ஜப்பான் கதை. அங்கே வரவில்லை, கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருடம்.

1941 டிசம்பர் 8 (ஜப்பான் தேதிப்படி), அமெரிக்காவின் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தைத் தாக்கிய அன்றே வானிலைத் தகவல் எல்லாம் ராணுவ ரகசியம் என்று உத்தரவு போட்டுவிட்டார்கள். வானொலியில் இல்லை, பேப்பரில் இல்லை. நிலையங்களில் அளப்பது மட்டும் நிற்கவில்லை, ஆனால் அளந்ததைச் சங்கேத எண்களாக மாற்றித்தான் மேலே அனுப்ப வேண்டும், நாளைக்குக் கடலுக்குப் போகலாமா என்று மீனவர் வந்து கேட்டால் சொல்லக் கூடாது. தெரிந்தே வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு பெரிய கொடுமை! 1942 ஆகஸ்ட் கடைசியில் மேற்கு ஜப்பானில் சுவோ கடலோரத்தைப் பெரும் புயல் தாக்கியது. இரவில் கடல் உள்ளே புகுந்து ஆயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். புயல் எங்கே இருக்கிறது, எப்போது வரும் என்று வழக்கம்போல வானொலியில் சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் மேட்டுப்பக்கம் ஏறியிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இவ்வளவு மறைத்து எதிரியை ஏமாற்ற முடிந்ததா? அமெரிக்கர்கள் வானிலை பார்க்கவே தனி விமானம் அனுப்பினார்கள். 1945 ஆகஸ்ட் 6 காலை அப்படி ஒன்று ஹிரோஷிமா மேல் வந்து, மேகம் குறைவு என்று செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பியது. 7.31க்கு அபாயம் நீங்கியது என்று அறிவித்தார்கள், ஜனங்கள் வேலையைப் பார்க்கப் போனார்கள். 8.15க்குக் குண்டு விழுந்தது.

வேலை விஷயமாக ஹிரோஷிமாவில் கொஞ்ச காலம் இருந்தேன். டிராமில் எபா வரைக்கும் போய் இறங்கி நடந்தால் ஒரு சின்னக் குன்று, அதன் மேல் அன்றைய வானிலை நிலையக் கட்டடம். இப்போது அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். குண்டு விழுந்த இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர்கூட இருக்காது. உள்ளே ஒரு ஜன்னல் சட்டம் வளைந்தபடியே நிற்கிறது, சுவரில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்பதை எடுக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தச் சில்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். அந்த அறைகளில் இருந்தவர்கள் காயத்தோடு அன்றைக்கும் அளவெடுத்து எழுதியிருக்கிறார்கள்.

போர் முடிந்ததும் ஆகஸ்ட் 22 அன்று வானொலியில் வானிலை அறிக்கை திரும்பி வந்தது. ஆனால் ஹிரோஷிமாவில் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க என்ன மிச்சம் இருந்தது? தொலைபேசிக் கம்பி, வானொலி நிலையம் எல்லாம் நாசம். ஒரு மாதம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 17 அன்று மகுராசாகி புயல் வந்தது. கரையேறிய இடத்தில் காற்றழுத்தம் 916 மில்லிபார் (சாதாரண நாளில் ஆயிரத்துக்கு மேல் இருக்கும், குறையக் குறையப் புயல் பலம்), எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நாடு முழுக்க இறந்தும் காணாமலும் போனவர்கள் 3,756 பேர், அதில் ஹிரோஷிமா மாகாணத்தில் மட்டும் 2,000க்கு மேல். ஓனோ என்ற ஊரில் மலை சரிந்து ராணுவ மருத்துவமனையை அடித்துக்கொண்டு போனது. அணுகுண்டில் தப்பிச் சிகிச்சைக்கு வந்தவர்களும், அவர்களை ஆராய வந்த கியோட்டோ பல்கலைக்கழகக் குழுவில் 11 பேரும் அதில் போய்ச் சேர்ந்தார்கள்.

அப்புறம் எபா நிலையத்து ஆட்கள் கொஞ்சப் பேர், விஞ்ஞானி உதா மிச்சிதக்காவோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய் விசாரித்தார்கள். குண்டு விழுந்த அன்றைக்குக் கறுப்பு மழை, அதாவது கரியும் கதிர்வீச்சுத் துகளும் கலந்த மழை, உங்கள் பக்கம் எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் பெய்தது, பலமாகவா தூறலாகவா என்று கேட்டு எழுதி, பலத்த மழை சுமார் 19 கிலோமீட்டர் நீளம், 11 கிலோமீட்டர் அகலத்துக்குப் பெய்தது என்று வரைபடம் போட்டார்கள். யாருக்கு மருத்துவ உதவி என்று 1976இல் அரசு முடிவு செய்தபோது அந்த வரைபடத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களால் எத்தனை கிராமத்துக்குப் போக முடியும்? எல்லைக்கு வெளியே மாட்டிக்கொண்டவர்களில் 84 பேர் வழக்குப் போட்டு, தங்கள் மேலும் அந்த மழை விழுந்தது என்று 2021 ஜூலையில்தான் ஹிரோஷிமா உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள்.