தீவனக் கேள்விகள்: இறாலுக்கும் கெண்டைக்கும்

தீவன மூலப்பொருள்களைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. அது பற்றிக் கேளுங்கள். நோய்க்கு மருந்து கேட்டால் சொல்ல மாட்டேன், அது என் துறை இல்லை.

வேதாரண்யம்: சார், வனாமி இறாலுக்கு 35% புரோட்டீன் தீவனம் போடுகிறேன். 38% போட்டால் சீக்கிரம் எடை ஏறுமா?

அந்த எண்ணை மட்டும் பார்த்து மூட்டையை மாற்றாதீர்கள். 35% தீவனம் 100 கிலோ போட்டால் அந்தப் புரோட்டீனோடு 5.6 கிலோ நைட்ரஜன் குட்டைக்குள் போகிறது. அதில் ஏறத்தாழ கால் பங்குதான் இறாலின் உடலில் சேரும். மிச்சமெல்லாம் தண்ணீரிலும் அடிச்சேற்றிலும் தங்கி அம்மோனியா ஆகிறது. 38% போட்டால் அதுவும் கூடும். முதலில் செக் டிரேயை, அதாவது இறால் எவ்வளவு தின்கிறது என்று பார்க்கக் குட்டையில் இறக்கும் தட்டை, பாருங்கள். டிரேயில் தீவனம் மிச்சம் இருக்கும்போது விலை கூடிய தீவனம் எதற்கு?

தஞ்சாவூர்: ரோகு, கட்லா கெண்டை வளர்க்கிறோம் ஐயா. கடலைப் புண்ணாக்கும் தவிடும் போதுமா?

பண்ணைக் குட்டைக்குப் போதும். இரண்டும் சம அளவு கலந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். ஆனால் பூஞ்சை வாடை அடிக்கும் புண்ணாக்கை மட்டும் வாங்காதீர்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு இருக்கலாம், வேகவைத்தாலும் அது போகாது. விலை குறைவு என்று மழைக்காலத்தில் நனைந்த சரக்கை எடுத்துவிட்டு, மீன் ஏன் வளரவில்லை என்று கேட்பவர்கள் பலர்.

மரக்காணம்: மேகமூட்டமான நாளில் தீவனம்?

குறையுங்கள். விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்திருக்கும்போது போடவே வேண்டாம்.

மீமிசல்: 38% நல்லதா, 35% நல்லதா?

வேதாரண்யத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகை: லேப் ரிப்போர்ட்டில் 60% புரோட்டீன் என்று பார்த்துத்தான் மீன்தூள் வாங்குகிறேன். எண்ணைப் பார்க்காதே என்றால் லேப் பொய் சொல்கிறதா?

லேப் பொய் சொல்லவில்லை. அது அளப்பது நைட்ரஜனை. அதை 6.25 ஆல் பெருக்கிப் புரோட்டீன் என்று எழுதுகிறார்கள். யூரியாவில் 46% நைட்ரஜன் இருக்கிறது. 100 கிலோ மீன்தூளில் ஒரு கிலோ யூரியா கலந்தால் ரிப்போர்ட்டில் புரோட்டீன் 60% என்பது 62%க்கு மேல் போய்விடும். இறாலுக்கு அதில் ஒரு துளி பயனில்லை. யூரியா சோதனை, மணல் சோதனை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

நாகை மறுபடியும்: அப்படியானால் மீன்தூளே வேண்டாம். சோயா புண்ணாக்கில் 46% இருக்கிறது, விலையும் குறைவு.

பாருங்கள், மறுபடியும் எண்ணிலேயே வந்து நிற்கிறீர்கள். சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. சரியாக வறுக்காத சோயாவில் செரிமானத்தைத் தடுக்கும் பொருளும் இருக்கிறது. இதைவிடப் பெரியது ஒன்று உண்டு: இறாலால் கொலஸ்ட்ராலைத் தானே உண்டாக்க முடியாது. அது பழைய ஓட்டைக் கழற்றிச் சட்டை உரிப்பதற்கான ஹார்மோனே கொலஸ்ட்ராலிலிருந்துதான் வர வேண்டும். சோயாவில் அது கிடைக்காது, மீன்தூளிலும் இறால் தலைத்தூளிலும் கிடைக்கும். சோயாவைக் கூட்டலாம், தவறில்லை. தீவனக் கம்பெனிகளும் கூட்டித்தான் செய்கின்றன. ஆனால் மெத்தியோனின், கொலஸ்ட்ரால், லெசித்தின் என்ற கொழுப்புப் பொருள் எல்லாம் தனியாகச் சேர்த்துச் செய்கிறார்கள். வீட்டில் அரைக்கும்போது அதை விட்டுவிட்டால் சட்டை உரிப்பு தடுமாறும்.

பொன்னேரி: நாகைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறதே சார். மீன்தூள் விலை கட்டுப்படி ஆகவில்லை.

விலை பற்றிய வருத்தம் நியாயமானது, எனக்கும் உண்டு. மீன்தூளைக் குறையுங்கள். அடியோடு எடுக்காதீர்கள்.

கொள்ளிடம்: மீனுக்குக் கோழி இறைச்சிக் கழிவு போடலாமா?

கூடாது. கழிவு போட்டு வளர்ப்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கக் கெளுத்தி. அந்த மீன் வளர்ப்பதற்கே இங்கே தடை.

கும்பகோணம்: விரால் தீவனம்?

எனக்கு அனுபவம் இல்லை தம்பி. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள்.

தொண்டி: 40% புரோட்டீன் போட்டால்?

செக் டிரேயில் இரண்டு மணி நேரம் கழித்து என்ன மிச்சம் இருக்கிறது? அதை எழுதுங்கள், அப்புறம் சொல்கிறேன்.